மிதக்க மறுத்த செம்பு



செம்புக் குடத்தைச் சில நாள் துலக்காமல் வைத்துவிட்டால் அதன்மேல் பச்சை நிறக் களிம்பு ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டிலுள்ள தாய்மார் சிறிது புளியை எடுத்துத் தேய்ப்பார்கள். களிம்பு கரைந்து ஓடும். குடம் மீண்டும் பளபளக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து செம்பின் மேற்பரப்பை மாற்றுவதால் உண்டாவது அந்தக் களிம்பு. புளியிலுள்ள அமிலம் அதைக் கரைக்கிறது. இந்தச் சிறு நிகழ்ச்சியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று நான் கூற எடுத்துக்கொண்ட வரலாறு இந்தப் பச்சைப் பொருளைப் பற்றியதே ஆகும்.

குடத்தில் நடப்பது மலையிலும் நடக்கிறது. பூமியின் ஆழத்தில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு கூடியே கிடைக்கிறது. பித்தளை போன்ற மஞ்சள் நிறம் கொண்ட சால்கோபைரைட்டு என்னும் கனிப்பொருளில் செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கின்றன. மழைநீரும் காற்றும் இறங்கக்கூடிய மேற்பகுதியில் அக்கந்தகம் பல்லாயிரம் ஆண்டுகளில் கழிந்துபோகிறது. அதனிடத்தில் பச்சை நிற மாலகைட்டு, நீல நிற அசுரைட்டு, சிவந்த குப்ரைட்டு, நீலப் பச்சையான கிரிசோகொல்லா ஆகியவை தோன்றுகின்றன. வேதியியலார் இவற்றைக் கார்பனேட்டு, ஆக்ஸைடு, சிலிகேட்டு என்று பிரித்துக் கூறுவர். சுரங்கத் தொழிலாளரோ எல்லாவற்றையும் ஒரே பெயரால் ஆக்ஸைடு தாது என்று அழைப்பர். மாலகைட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கு செம்பு. சால்கோபைரைட்டில் 34 பங்குதான். ஆகவே பச்சைக் கல்லே செல்வம் மிகுந்த கல் என்பது தெளிவு.

மனிதன் முதன்முதலில் கற்களை உருக்கிச் செம்பு எடுத்தபோது அவன் கைக்கு எட்டியவையும் இத்தகைய பச்சைக் கற்களே. இன்றைய செர்பியா நாட்டில் பெலோவோடே என்னுமிடத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் செம்பு உருக்கிய தடயங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மலைச் சரிவில் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் நிறம். கரியோடு சேர்த்து ஊதினால் செம்பைத் தந்துவிடும் எளிமை. கந்தகம் கலந்த தாதுவோ முதலில் வறுக்கப்படவேண்டும், புகை கக்கும், பலமுறை உருக்கினால்தான் வழிக்கு வரும். எனவே பழங்காலத்தில் பச்சைத் தாது எளியது, கந்தகத் தாது கடியது என்ற நிலை இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலோ இந்த நிலை தலைகீழாயிற்று. கடியது எளியதாயிற்று, எளியது கடியதாயிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பார்ப்போம்.

செம்பு மிகுந்த கற்களை மனிதன் பொறுக்கித் தீர்த்துவிட்டான். இன்று தோண்டப்படும் தாது பலவற்றில் நூற்றுக்கு ஒரு பங்குச் செம்புகூட இல்லை. ஆயிரம் கிலோ கல்லில் பத்துக் கிலோவுக்கும் குறைந்த செம்பு! அவ்வளவு கல்லையும் உலையிலிட்டு உருக்க எந்த நாட்டிலும் எரிபொருள் போதாது. ஆகவே கல்லை மாவாக அரைத்து, செம்புள்ள துகளை மட்டும் பிரித்தெடுத்து, அதனையே உலைக்கு அனுப்பவேண்டும். நெல்லையும் பதரையும் காற்றில் தூற்றிப் பிரிப்பதுபோல, முன்னாளில் எடை வேறுபாட்டைக் கொண்டு ஓடும் நீரில் அரித்துப் பிரித்தனர். மிக நுண்ணிய துகள்கள் சேற்றோடு போய்விட்டன. அந்த இழப்பைத் தடுக்க வந்ததே நுரை மிதப்பு முறை.

தாமரை இலையில் நீர் ஒட்டுவதில்லை. ஆனால் ஒரு கருங்கல்லின்மேல் நீரை ஊற்றினால் அது எங்கும் பரவிக்கொள்கிறது. பொருள்களுள் நீரை விரும்புவனவும் உண்டு, வெறுப்பனவும் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். அரைத்த தாதுவை நீரில் கலக்கி, அதனுள் காற்றைக் குமிழிகளாகச் செலுத்தினால், நீரை வெறுக்கும் துகள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். நீரை விரும்பும் துகள் அடியிலேயே நிற்கும். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்தால் நமக்கு வேண்டிய தாது செறிவாகக் கிடைத்துவிடும்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தில் வில்லியம் ஹெயின்ஸ் என்பவர் 1860-இல் பெற்ற காப்புரிமையில் காணப்படுகிறது. கந்தகத் தாதுக்கள் எண்ணெயைப் பற்றிக்கொள்கின்றன என்பதை அவர் குறித்தார். 1886-இல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்னும் அம்மையார் எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிக்கும் காப்புரிமையைப் பெற்றார். அவர் ஒரு பள்ளி ஆசிரியை என்றும், எண்ணெய்ப் பிசுக்கேறிய தாதுச் சாக்கைத் துவைத்தபோது தற்செயலாக இதைக் கண்டார் என்றும் ஒரு கதை பரவியது. உண்மையில் அவர் சிகாகோ நகரத்து மருத்துவர் ஒருவரின் மனைவி. முயன்று சோதனை செய்தே முடிவு கண்டவர். பெண் ஒருத்தியின் ஆராய்ச்சியைத் தற்செயல் என்று சொல்லுவது உலகத்துக்கு எளிதாக இருந்தது போலும்!

தொழில் அளவில் இம்முறை வெற்றி பெற்ற இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில். அங்கே காரீயமும் வெள்ளியும் எடுத்தபின் துத்தநாகம் நிறைந்த கழிவு மண் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. மெல்போர்ன் நகரில் மது வடிக்கும் தொழில் செய்த சார்லஸ் பாட்டர், சுரங்க நிர்வாகியான டெல்பிராட் ஆகிய இருவரும் இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அதனை மிதக்கவைக்க வழி கண்டனர். 1905-இல் சல்மன், பிக்கார்டு, பாலட் ஆகிய மூவர் மிகச் சிறிதளவு எண்ணெயும் காற்றும் கொண்டு நுரையை உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் 1925-இல் கெல்லர் என்பவரின் காப்புரிமையால் எண்ணெயின் இடத்தைச் சாந்தேட்டு என்னும் வேதிப்பொருள் பிடித்துக்கொண்டது. சாந்தேட்டு மூலக்கூற்றின் ஒரு முனை உலோகத்தைப் பற்றும். மறு முனை நீரை வெறுக்கும். கந்தகத் தாதுவின்மேல் அது படிந்தால் அத்துகள் தாமரை இலை ஆகிவிடும்.

இங்கே மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். துத்தநாகக் கந்தகத் தாதுவைச் சாந்தேட்டு போன்ற பொருள்கள் நன்றாகப் பற்றுவதில்லை. ஆனால் அந்நீரில் சிறிது மயில்துத்தத்தைக் கரைத்தால் உடனே பற்றுகின்றன. புரோக்கன் ஹில்லில் பணியாற்றிய லெஸ்லி பிராட்ஃபோர்டு இதனைக் கண்டறிந்தார். மயில்துத்தத்திலுள்ள செம்பு துத்தநாகத் துகளின்மேல் மெல்லிய செம்புக் கந்தகப் படலமாகப் படிகிறது. உள்ளே இருப்பது துத்தநாகம். வெளித்தோல் மட்டும் செம்பு. இவ்வாறு ஒரு துகளின் தோலை மாற்றி அதனை மிதப்பதற்குத் தகுதியாக்கும் பொருளை நாம் தூண்டுபொருள் என்று அழைக்கலாம்.

துத்தநாகத்துக்குத் தோல் கொடுத்த செம்பு, தான் ஆக்ஸைடு வடிவில் இருக்கும்போது மிதக்க மறுத்ததுதான் விந்தை. மாலகைட்டு கல்லைப் போலவே நீரை விரும்புவது. அதன் மேற்பரப்பு உறுதியற்றது. சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருப்பது. சாந்தேட்டு வந்து படிந்தால் அது படிந்த செம்பே கழன்று நீரில் போய்விடுகிறது. விலையுயர்ந்த சாந்தேட்டு வீணாகிறதே தவிரத் துகள் மேலே வருவதில்லை. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதனுக்கு முதல் செம்பைத் தந்த பச்சைக் கல், புதிய ஆலைகளில் கழிவு மண்ணோடு வெளியேறிற்று.

இதற்கு மாற்று என்ன? மேலே கண்ட செய்தியை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கந்தகத்தை இழந்ததால் அல்லவா இத்தாது மிதக்கவில்லை? அப்படியானால் இழந்த கந்தகத்தை அதன் தோலுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆல்ஃபிரட் ஷ்வார்ஸ் என்பவர் 1905-இலேயே அமெரிக்காவில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சோடியம் சல்பைடு என்னும் உப்பை நீரில் கரைத்தால் கந்தக அயனிகள் வெளிப்படுகின்றன. அவை மாலகைட்டின் மேற்பரப்பிலுள்ள செம்போடு கூடி மிக மெல்லிய செம்புக் கந்தகப் படலத்தை உண்டாக்குகின்றன. பச்சைப் பொடி நம் கண்ணெதிரே கருத்துப்போகும். அதன்பின் சாந்தேட்டைச் சேர்த்தால் கந்தகத் தாதுவைப் பற்றுவதுபோலவே இதனையும் பற்றிக்கொள்ளும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் ஓர் இடர் உண்டு. அதனை நான் மாணவனாயிருந்தபோது என் பிழையாலேயே அறிந்தேன். அரைத்த மாலகைட்டும் மணலும் கலந்த கலவையை மிதக்கவைக்குமாறு எங்கள் ஆசிரியர் எனக்குப் பணித்திருந்தார். சிறிதளவு சோடியம் சல்பைடு நன்மை செய்கிறதென்றால் இருமடங்கு இருமடங்கு நன்மை செய்யும் என்று நான் கருதினேன். ஆய்வுக்கூடம் முழுவதும் அழுகிய முட்டையின் நாற்றம் பரவிற்று. காற்றைச் செலுத்தினேன். வெண்மையான வெற்று நுரை எழுந்தது. அதில் ஒரு துகளும் இல்லை. கலவையைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கப் போனேன். ஆசிரியர் என் கையைத் தடுத்து, “கொட்டாதே. காற்றை மட்டும் விட்டுக்கொண்டிரு” என்றார். காத்திருந்தேன். நாற்றம் மெல்லக் குறைந்தது. பின்னர் ஒரு துளி சாந்தேட்டை விட்டதும் கரிய துகள்கள் சுமந்த நுரை பொங்கிவந்து கலத்தின் விளிம்பைக் கடந்தது.

நடந்தது இதுதான். மிகுதியான கந்தக அயனிகள் நீரில் தங்கிவிட்டால் அவையே துகளின் மேற்பரப்பைக் கைப்பற்றிக்கொள்கின்றன. சாந்தேட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அந்த மிகுதியை அழித்த பிறகே சாந்தேட்டு உள்ளே வரமுடிந்தது. மருந்து அளவோடு இருந்தால் தூண்டுகிறது. அளவு மீறினால் அதே மருந்து தடுக்கிறது. அமுதமும் அளவு மீறினால் நஞ்சு என்று நம் பெரியோர் கூறியதை அன்று நான் கலத்துக்குள் கண்டேன்.

இந்தப் போராட்டம் பேரளவில் நடந்த இடம் ஆப்பிரிக்காவிலுள்ள கட்டாங்கா. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்பகுதி அது. ஐரோப்பியர் வருமுன்பே அம்மண்ணின் மக்கள் கறையான் புற்று மண்ணால் சிறு உலைகள் அமைத்து, மாலகைட்டைக் கரியோடு உருக்கிச் செம்பு எடுத்துவந்தனர். சிலுவை வடிவில் அவர்கள் வார்த்த செம்புக் கட்டிகள் நாணயமாக நெடுந்தொலைவு வழங்கின. 1906-இல் பெல்ஜிய மன்னரின் ஆட்சியில் யூனியன் மினியேர் என்னும் நிறுவனம் தோன்றிற்று. 1911-இல் புதிய உலை அங்கே செம்பை உருக்கத் தொடங்கிற்று. செம்பு மிகுந்த கற்கள் குறையவே, தாதுவைச் செறிவாக்கும் தேவை எழுந்தது.

அங்கே கிடைத்தது பெரும்பாலும் பச்சைத் தாது. அதனை மிதக்கவைக்க அந்நாட்டிலேயே விளைந்த செம்பனை எண்ணெயைப் பயன்படுத்தினர். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் சோப்பைப் போல வேலை செய்து மாலகைட்டைப் பற்றி மேலே தூக்கும். மணற்பாங்கான கல்லோடு கலந்த தாதுவுக்கு இது நன்கு பயன்பட்டது. ஆனால் டோலமைட்டு என்னும் சுண்ணாம்பு இனக் கல்லோடு கலந்த தாதுவில் இது தோற்றது. டோலமைட்டும் கார்பனேட்டு, மாலகைட்டும் கார்பனேட்டு. கொழுப்பமிலம் இரண்டையும் வேறுபாடின்றித் தூக்கிவிட்டது. அப்படிப்பட்ட தாதுவுக்குச் செம்பை மட்டும் தேர்ந்து தோல் மாற்றும் கந்தக முறையே வேண்டியதாயிற்று. 1941-இல் இயங்கத் தொடங்கிய கொல்வேசி ஆலையில் இவ்விரு முறைகளும் தாதுவின் தன்மைக்கு ஏற்பக் கையாளப்பட்டன.

அதே 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். எலிசபெத்வில் நகரில் கூடியிருந்தவர்கள்மீது படையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். வேதியியலின் வரலாற்றில் இச்செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆலையில் அளவறிந்து மருந்து சேர்த்த கைகளும், அந்தத் தாதுவைத் தோண்டிய கைகளும் அத்தொழிலாளருடையவை. அவர்களை விட்டுவிட்டு இவ்வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறாகவே இருக்கும்.

கந்தகத் தோலை விரைவாகவும் உறுதியாகவும் உண்டாக்குவது எப்படி என்பதே பின்வந்த ஆராய்ச்சியாளரின் கேள்வி. அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சேர்த்தால் கந்தகப் படலம் விரைவில் உருவாகிறது. மிகுதியான சல்பைடால் வரும் தீங்கும் குறைகிறது என்று கண்டனர். கல்லூரி மாணவர்கள் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை விட்டு, ஆழ்ந்த நீல நிறம் தோன்றுவதைப் பார்த்திருப்பார்கள். செம்புக்கு அம்மோனியாவிடத்துள்ள அந்த நாட்டமே இங்கும் உதவுகிறது. எத்திலீன் டையமின் என்னும் பொருளுக்கு அந்நாட்டம் இன்னும் மிகுதி. அது துகளின் மேற்பரப்பைச் சற்றே அரித்து, பழைய தோலை நீக்கி, கந்தகம் படியப் புது இடம் தருகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் டொங்சுவான் என்னும் பகுதி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிங் மரபு அரசர்களின் நாணயங்களுக்குச் செம்பு வழங்கிய இடம் அது. டோலமைட்டோடு பிணைந்த அதன் ஆக்ஸைடு தாதுவுக்காகச் சீன ஆய்வாளர்கள் எத்திலீன் டையமின் பாஸ்பேட்டு முதலிய தூண்டுபொருள்களை ஆராய்ந்தனர்.

அளவு அறியும் சிக்கலுக்கும் வழி பிறந்தது. கந்தக அயனியை உணரும் மின்முனை ஒன்றைக் கலவையில் அமிழ்த்தி, அதன் மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட எல்லையில் நிறுத்தினால் சல்பைடு மிகாமலும் குறையாமலும் இருக்கும் என்று 1970-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். என் ஆசிரியர் மூக்கால் அறிந்ததை மின்முனை எண்ணால் அறிந்தது. ஆயினும் எல்லாத் தாதுவும் இணங்கிவிடவில்லை. கிரிசோகொல்லா என்னும் சிலிகேட்டுத் தாது கந்தகத் தோலை எளிதில் ஏற்பதில்லை. அதற்காகச் செம்பை நேரே நண்டுப்பிடியாகப் பற்றும் ஹைட்ராக்ஸமேட்டு என்னும் பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் எடுத்துக்காட்டினர்.

இதற்கிடையே நம் வீட்டுப் புளியின் வழியும் வளர்ந்துகொண்டிருந்தது. சிலி நாட்டின் சுக்கிகமாட்டா சுரங்கத்தில் 1915 முதல் ஆக்ஸைடு தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மின்சாரத்தால் செம்பைப் படியவைத்தனர். 1968-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கரைப்பான் கொண்டு செம்பைப் பிரிக்கும் முறையும் தொழில் அளவில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பச்சைத் தாதுவை மிதக்கவைப்பதைவிடக் கரைப்பதே பல இடங்களில் மேலாயிற்று. ஆனால் டோலமைட்டு உள்ள இடத்தில் அமிலம் செம்பைத் தேடிச் செல்லுமுன் சுண்ணாம்பிலேயே தீர்ந்துபோகிறது. எனவே கரைக்கும் வழியும் மிதக்கும் வழியும் ஒன்றையொன்று முற்றும் வெல்லாமல் இன்றும் உடன் நிற்கின்றன.

இறுதியாகக் கொல்வேசிக்கு மீண்டும் வருகிறேன். எவ்வளவு முயன்றும் தூண்டுபொருளுக்கு இணங்காத செம்பும் கோபால்ட்டும் அந்த ஆலையின் கழிவு மண்ணோடு பல ஆண்டுகள் வெளியேறின. கிங்காம்யாம்போ என்னுமிடத்திலும் முசோனோய் ஆற்றின் பள்ளத்தாக்கிலும் பத்துக் கோடி டன்னுக்கு மேல் கழிவு குவிந்தது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு செம்பு இருந்தது. முன்னே நான் கூறிய ஒரு பங்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இன்று பலர் மலையைக் குடைந்து எடுக்கும் தாதுவைவிட அன்று எறிந்த கழிவு செழிப்பானது! 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அக்கழிவை மீண்டும் அள்ளி அமிலத்தில் கரைத்துச் செம்பும் கோபால்ட்டும் எடுக்கும் பணி தொடங்கிற்று. உலோகத்தை மீட்கலாம்; ஆனால் இத்தனை ஆண்டுகள் ஓர் ஆறு சுமந்த சேற்றுக்கும், அதன் கரையில் வாழ்ந்தோர் இழந்த நிலத்துக்கும் நீருக்கும் யார் கணக்குத் தருவது?

நண்பர்களே, கழிவு என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் நம் அறிவு இன்னும் எட்டாத பொருளேயாகும். புரோக்கன் ஹில்லிலும் கொல்வேசியிலும் அதுவே நிகழ்ந்தது. ஒரு துகளின் மெல்லிய தோலை அறிந்தவன் கழிவு மலையைச் செல்வமாக்கினான். அளவை மறந்தவன் தன் கலத்தில் வெற்று நுரையையே கண்டான். உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் பணியாற்றுவீர்கள். மேலே வரும் நுரையை மட்டும் பாராமல், அடியில் தங்கிப் போகும் மண் எங்கே போகிறது, யார் வாசலில் விழுகிறது என்பதையும் பார்க்க நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.